கண்ணாடி நாரில் ஒரு படகு

ரமணாசிரமத்தருகே மலையடியில் வசிக்கும் நமக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும்? விடுமுறையில் கடலூர் சென்றபோதுதான் 'பைபர்' படகு செய்வதைக் கண்டோம்.

முதலில் அச்சில் மெழுகு தடவி வர்ணப் பூச்சுப் பூசுகிறார்கள். அதன்மேல் கண்ணாடி நார்ப் பாயை விரித்து, இறுகச் செய்யும் திரவம் கலந்த பிசினைத் தடவி, உருளையால் அழுத்துகிறார்கள். இவ்வாறு பல அடுக்குகள். பிசின் இறுகியதும் படகு அச்சினின்று கழன்று வருகிறது.

சூட்சுமமெல்லாம் உருளையில்தான். காற்றுக் குமிழி தங்கிய இடம் பலவீனம். நாளடைவில் நீர் புகும். 2004 டிசம்பர் 26 ஆழிப் பேரலைக்குப் பின் இத்தகைய படகுகள் ஆயிரக்கணக்கில் அவசரமாகச் செய்யப்பட்டன. சோடையானவையும் அவற்றில் கலந்துவிட்டன. மேற்பூச்சு மட்டும் எல்லாவற்றிலும் பளபளப்புத்தான்! வாங்குகிறவர் எப்படிக் கண்டறிவது?

அருகிலிருந்த முதிய மீனவர், "தட்டிப் பாருங்க, ஐயா. மொத்துன்னு கேட்டா அது வேணாம்" என்றார்.