பொங்கோலுக்கு எத்தனை எழுத்து?

'பொங்கோல்' நமக்கு நான்கெழுத்து. யுனிகோடில் எட்டுக் குறியீடுகள்; யு.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டு வீதம் 24. ஒகர, ஓகாரக் குறிகளை இரண்டிரண்டாகப் பிரித்துப் பதிந்தால் 30. திரையிலோ வேறுபாடு தெரியாது. சி மொழியிலமைந்த சர்வர் நிரல், முடிவுக்குறியும் சேர்த்து 25 பைட்டே ஒதுக்கி, வருவதை அளவாமற் படியெடுப்பின், மிகுதி அண்டை நினைவகத்தை அழிக்கும். சி தானாகத் தடுப்பதில்லை. 2014இல் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் பிழையும், எதிர்முனை சொன்ன நீளத்தைச் சரிபாராது நம்பியதன் விளைவே. அதன்வழி கடவுச்சொற்களும் கசியக்கூடியனவாயின.

1988இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பார்ட்டன் மில்லர் தொடங்கிய 'ஃபஸ்' சோதனை, தாறுமாறான உள்ளீடுகளைத் தொடர்ந்து செலுத்தி நிரல் எங்கே முறிகிறதெனக் காண்பது. அதற்கு விதையாக இடும் மாதிரிகள் பெரும்பாலும் ஆங்கிலமாயிருப்பதே நம் கவலை. பிரித்தெழுதிய 'பொங்கோல்' ஒன்றையேனும் அவற்றுடன் சேர்த்து, அட்ரஸ் சானிட்டைசர் கருவியோடு இயக்கினால், எல்லை மீறும் இடத்திலேயே நிரல் நின்று பிழையான வரியைச் சுட்டும்.