கறியில் உப்பு கூடிப்போச்சா? சீனியும் புளியும் மறைக்கும்... குறைக்காது

மீன் கறி கொதித்து இறக்கியாச்சு. கரண்டியில் கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்தால்... ஐயோ, உப்பு தூக்கல்!

ஜொகூர் வீடுகளில் இப்படி ஆவதற்குக் காரணம் உண்டு. இங்கே உப்பு, உப்பு டப்பாவிலிருந்து மட்டும் வருவதில்லை. நெத்திலி, பெலாச்சான், கிச்சாப், கருவாடு என எல்லாமே தங்கள் பங்குக்கு உப்பைக் கொண்டுவருகின்றன. போதாததற்கு, கறி வற்ற வற்ற உப்புச் சுவையும் ஏறும்.

அதைச் சரிசெய்ய ஆளுக்கொரு வழி சொல்வார்கள். அவற்றில் எது உண்மையிலேயே உப்பைக் குறைக்கும்? எது நாக்கை மட்டும் ஏமாற்றும்?

உருளைக்கிழங்கு உப்பை உறிஞ்சுமா?

உப்பை மட்டும் தனியாக இழுத்துக்கொள்ளும் சக்தி உருளைக்கிழங்குக்கு இல்லை. அது உப்புக் கலந்த சாற்றைத்தான் உறிஞ்சுகிறது. மிச்சமிருக்கும் சாற்றின் உப்பு அப்படியேதான் இருக்கும்.

அப்படியென்றால் பாட்டி சொன்னது பொய்யா? முழுக்கப் பொய் இல்லை. கிழங்கை வெளியே எடுத்துவிட்டு, குறைந்த சாற்றுக்குப் பதிலாகத் தண்ணீர் ஊற்றினால் உப்பு குறையும். ஆனால் குறைத்தது தண்ணீர்தான்!

கணக்கு சுலபம். 1 லிட்டர் சாற்றில் 250 மில்லிலிட்டர் தண்ணீரோ உப்பில்லாத தேங்காய்ப்பாலோ சேர்த்தால், உப்பின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறையும். கறி நீர்த்துப்போகுமே என்று கவலையா? உப்பு போடாமல் வதக்கிய வெங்காயம், தக்காளி, கூடுதலாக வெண்டைக்காய், கத்தரிக்காய் சேர்த்துக் கொதிக்கவிடுங்கள்.

"கொஞ்சம் சீனி போட்டா சரியாயிடும்"

சரியானது போலத் தோன்றும். இனிப்பும் புளிப்பும் நாக்கில் உப்பை அமுக்கிக் காட்டும். ஆனால் உப்பில் உள்ள சோடியம் சட்டியில்தான் இருக்கிறது. நாக்குக்குத் தெரியாவிட்டாலும் உடம்புக்குப் போய்ச் சேரும்.

இது ஏன் முக்கியம்? ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அது கிட்டத்தட்ட ஒரு தேக்கரண்டி. மலேசியாவில் பெரியவர்கள் சராசரியாக 7.9 கிராம் சாப்பிடுவதாக 2017-2018இல் நடந்த தேசிய அளவிலான ஆய்வு காட்டியது. அதிக உப்பு ரத்த அழுத்தத்தை உயர்த்தும். வீட்டில் அப்பா, அம்மா, தாத்தா யாராவது ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார்களா? அப்படியானால் சீனி போட்டு மறைக்காதீர்கள், தண்ணீரோ தேங்காய்ப்பாலோ சேர்த்துக் குறையுங்கள்.

மற்ற சுவைகள் கூடினால்?

காரம்: மிளகாயின் எரிச்சலுக்குக் காரணமான கேப்சைசின் தண்ணீரில் சரியாகக் கரையாது, கொழுப்பில் கரையும். அதனால்தான் தேங்காய்ப்பாலும் தயிரும் கை கொடுக்கின்றன.

புளிப்பு: அசாம் பெடாஸ், மீன் கறி இரண்டிலும் புளி கூடிவிடலாம். தேங்காய்ப்பால் பொருந்தாத அசாம் பெடாஸுக்குத் தண்ணீரும் சிறு துண்டு வெல்லமும் போதும். சமையல் சோடா புளிப்பை முறிக்கும்தான், ஆனால் அதிலும் சோடியம் இருக்கிறது.

கசப்பு: ஒரு சிட்டிகை உப்பு லேசான கசப்பை அடக்கும். 1997இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த ஆய்வும் இதை உறுதிசெய்தது. ஆனால் தாளிக்கும்போது வெந்தயம் கருகிவிட்டால் எதுவும் உதவாது. மீனைப் போடுவதற்கு முன்பே அந்த எண்ணெயைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தாளியுங்கள்.

அடுத்த முறை சமைக்கும்போது...

• நெத்திலியையும் கருவாட்டையும் தண்ணீரில் ஊறவைத்து, அலசிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

• பெலாச்சான், கிச்சாப் சேர்த்த பிறகு ருசி பாருங்கள். உப்பு தேவையா என்பதை அப்புறம் முடிவு செய்யலாம்.

• கறி வற்றும் முன் பாதி உப்பு மட்டும் போடுங்கள். மீதியை இறக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

• கொதிக்கக் கொதிக்க ருசி பார்க்காதீர்கள். ஒரு கரண்டி எடுத்து, கொஞ்சம் ஆறவிட்டுப் பாருங்கள்.

குறைந்த உப்பை எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம். போட்ட உப்பை வெளியே எடுக்கத்தான் வழியில்லை!