மோதிரம் இல்லாத சீவகர்கள்

ஹௌரா ஸ்டேஷனை நாம் எத்தனை தரம் கடந்திருப்போம்! நான் இந்த ஊருக்கு வந்தது 1980-ல். 1986-ல் படாபஜாரில் பாத்திரக் கடை ஆரம்பித்த புதிது. வாரத்தில் இரண்டு தடவையாவது சரக்கு எடுக்க ஹௌரா பார்சல் ஆபீசுக்குப் போவேன். அதே வருஷம், அதே ஸ்டேஷனில், ஐந்து வயசுப் பையன் ஒருவன் சில வாரங்கள் தனியாகத் திரிந்திருக்கிறான். அவனைப் பார்த்திருப்பேனோ என்னவோ. பார்த்திருந்தாலும் நின்றிருக்க மாட்டேன். அதை ஒத்துக்கொண்டுதான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டும்.

அந்தப் பையன்தான் பின்னாளில் உலகம் அறிந்த சாரூ பிரையர்லி. 2016-ல் வந்த ‘லயன்’ படத்தை நம் சங்க அன்பர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். படத்தில் அழுகை அதிகம், விளக்கம் குறைவு. எனக்கு அழுகையைவிட விளக்கத்தில்தான் ஆர்வம்.

பையனின் ஊர் மத்தியப் பிரதேசத்தில் கண்ட்வா. பாடகர் கிஷோர் குமார் பிறந்த ஊர் என்றால் வயசானவர்களுக்குத் தெரியும். அண்ணனோடு ரயில் ஏறி எழுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் புர்ஹான்பூருக்குப் போனான். பிளாட்பாரத்து பெஞ்சில் தூங்கிப்போய், கண் விழித்தபோது அண்ணனைக் காணோம். எதிரில் நின்ற ரயிலில் ஏறி மறுபடி தூங்கினான். அது ஹௌராவில் கொண்டுவந்து விட்டது. ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் தூரம்.

இந்தியாவிலேயே இருக்கிற பிள்ளை, ஹிந்தி பேசுகிறான், வீட்டுக்கு அனுப்ப முடியாதா என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் விஷயம் இருக்கிறது. பையன் சொன்ன ஊர் ‘கினெஸ்ட்லே’. அப்படி ஓர் ஊர் எந்தப் படத்திலும் இல்லை. அது ஊரே இல்லை, கண்ட்வாவில் ‘கணேஷ் தலாய்’ என்கிற பேட்டை. தொலைந்த இடத்தை ‘பெராம்பூர்’ மாதிரி ஏதோ சொல்லியிருக்கிறான். கல்கத்தாவில் அந்தச் சத்தத்தைக் கேட்பவனுக்கு என்ன தோன்றும்? வங்காளத்திலேயே ஒரு பஹரம்பூர் உண்டு. ஒரிசாவில் பெர்ஹாம்பூர் உண்டு, நம்மூர் மெயில் நின்று போகிற ஸ்டேஷன். மகாராஷ்டிர எல்லையில் இருக்கும் புர்ஹான்பூர் யாருக்கு ஞாபகம் வரும்? இதைவிட வேடிக்கை, அவன் பெயரே சாரூ இல்லை. ‘ஷேரு’, அதாவது சிங்கம். மழலையில் தன் பெயரையும் மாற்றிச் சொன்ன பிள்ளை அவன்.

தத்து கொடுக்கும் சங்கம் ஒன்றின் மூலம் 1987-ல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவுக்குப் போனான். வளர்ந்த பிறகு, கூகுள் எர்த்தில் ஹௌராவிலிருந்து பிரியும் ஒவ்வொரு தண்டவாளமாகப் பின்தொடர்ந்து தேடினார். ரயிலின் வேகத்தையும் நேரத்தையும் பெருக்கி ஒரு வட்டம் போட்டுக்கொண்டார். கணக்கு நல்ல கணக்குத்தான், ஆனால் ஊர் வட்டத்துக்கு வெளியே இருந்தது. 2011-ல் ஒரு நாள் வட்டத்தைத் தாண்டி மேற்கே போனபோது, புர்ஹான்பூர் ஸ்டேஷன் பக்கத்துத் தண்ணீர்த் தொட்டி கண்ணில் பட்டது. அங்கிருந்து கண்ட்வா. 2012 பிப்ரவரியில் நேரே போய் நின்றார். தாயார் உயிரோடு இருந்தார், மகன் திரும்பி வருவான் என்று ஊரைவிட்டுப் போகாமலே இருந்திருக்கிறார். அண்ணன்தான் இல்லை. தம்பி தொலைந்த அந்தச் சமயமே அவர் ரயிலில் அடிபட்டு இறந்துபோனார்.

நம் சீவக சிந்தாமணியில் விசயை சுடுகாட்டில் பிள்ளை பெற்று, அரச முத்திரை மோதிரத்தோடு விட்டு மறைகிறாள். தன் இறந்த குழந்தையோடு அங்கே வந்த வணிகன் கந்துக்கடன் அதை எடுத்துப் போய் வளர்க்கிறான். பின்னால் விமலையார் இலம்பகத்தில் தாயும் மகனும் சேருகிறார்கள். சிறு வயசில் படித்தபோது, வியாபாரி வளர்த்த பிள்ளை என்று எனக்கு ஒரே பெருமை. இப்போது படித்தால் மோதிரத்தில்தான் மனசு நிற்கிறது. தாய் ஓர் அடையாளத்தை வைத்துவிட்டுப் போனாள், எடுத்தவன் அதைப் பத்திரமாக வைத்திருந்தான். இரண்டில் ஒன்று தவறினாலும் கதை இல்லை.

இந்த மோதிரம்தான் இன்றைக்கு ஃபைல். வெளிநாட்டுத் தத்துக்கு நம் நாட்டில் ஒழுங்கான விதிமுறை வந்தது 1984-ல். லட்சுமி காந்த் பாண்டே என்ற வக்கீல் எழுதிய கடிதத்தையே வழக்காக எடுத்துக்கொண்டு சுப்ரீம் கோர்ட் வகுத்தது. 1993-ன் ஹேக் உடன்படிக்கை, குழந்தையின் பூர்வீக விவரங்களைப் பாதுகாத்து வைக்கச் சொல்கிறது. அதில் இந்தியா 2003-ல் சேர்ந்தது. இப்போதுள்ள தத்து விதிகளில் வேர் தேடுவதற்கு வழி இருக்கிறது. ஆனால் தத்துப் போனவர்தான் கேட்க வேண்டும், வேறொருவர் அவருக்காகத் தேட அனுமதி இல்லை. பெற்றவள் தன்னைக் காட்ட விரும்பாவிட்டால் அதையும் மதிக்க வேண்டும். அதுவும் நியாயம்தானே.

1984-க்கு முன் போனவர்கள் பாடுதான் கஷ்டம். 2014 டிசம்பரில் ஒரு பெண்மணி என் கடைக்கு வந்தார். நம் சங்கத்தில்தான் யாரோ அனுப்பி வைத்திருந்தார்கள். 1978-ல் இங்கிருந்து ஸ்வீடன் போனவர். அப்போது மூன்று, நான்கு வயசு. ஃபைல் என்று கையில் இருந்தது ஒரே ஒரு தாள். ஹௌராவில் கிடைத்த குழந்தை, மொழி ‘மதராஸி’. அவ்வளவுதான். நாலு மொழிக்கும் ஒரே வார்த்தை! அவருக்கு ஞாபகம் இருந்ததும் ஒரே சொல். ‘நைனா’.

கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. “அம்மா, அது எங்க சமூகத்தோட பேர். நாங்க நயினார்கள். நீங்க வந்தவாசி, திண்டிவனம் பக்கம்தான் தேடணும்” என்று அடித்துச் சொன்னேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில்தான். அவர் கண் கலங்கி எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார். என் வீட்டம்மா சாப்பாடு போட்டு அனுப்பினாள்.

ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. மூன்று வயசுக் குழந்தை சாதிப் பெயரையா ஞாபகம் வைத்திருக்கும்? தெலுங்கில் நைனா என்றால் அப்பா. மெட்ராஸ் பக்கம் தமிழ் பேசுகிறவர்களும் அப்பாவை அப்படிக் கூப்பிடுகிறார்கள். நம்மவளாக இருக்கட்டும் என்ற ஆசையில் படித்த படிப்பெல்லாம் எங்கே போச்சோ!

விடிந்ததும் அவர் தங்கியிருந்த லாட்ஜுக்கு ஓடினேன். பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். நான் சொன்னது தப்பு, அது அப்பாவைக் கூப்பிடுகிற சொல், குண்டூரா ராயபுரமா என்றுகூடச் சொல்ல முடியாது என்றேன். கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். “அப்படியானால் நான் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்” என்று மட்டும் சொன்னார். நோட்டில் வந்தவாசியை அடித்துவிட்டு, ‘அப்பா’ என்பதை எப்படி எழுதுவது என்று என்னிடமே கேட்டு, தமிழில் எழுதி வாங்கிக்கொண்டார். தெலுங்கு எழுத்து எனக்கு வராது.

அடுத்த வருஷம் ஒரு கார்டு வந்தது. இன்னும் யாரும் கிடைக்கவில்லையாம். இரண்டு பாஷையும் படித்துக்கொண்டிருக்கிறாராம்.