பழைய நாற்காலிக்குப் புதுச் சட்டை!

குட்டீஸ், உங்கள் வீட்டுப் பரணில் பழைய மர நாற்காலி ஏதாவது தூசி படிந்து கிடக்கிறதா? தொண்டாமுத்தூர் பக்கம் தோட்டத்து வீடுகளில் தாத்தா காலத்து ஸ்டூலோ, பெஞ்சோ இருக்கலாம். பழைய சாமான் கடையில் அப்பா மலிவாக வாங்கி வந்ததாகவும் இருக்கலாம். ‘விறகுக்குத்தான் ஆகும்’ என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்! பல நேரம் கறுத்துப் போயிருப்பது மேல்பூச்சு மட்டும்தான்; உள்ளே மரம் திடமாகவே இருக்கும்.

அது தேக்கு மரம் என்றால் இன்னும் யோகம்! தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் இருப்பதால் கரையான் எளிதில் நெருங்காது. நம் கோவை மாவட்டத்து ஆனைமலைக் காடுகள் தேக்குக்குப் பெயர் பெற்றவை. ஆங்கிலேயர் காலத்தில் அங்கு வெட்டிய மரங்களை மலை உச்சியிலிருந்து கீழே சறுக்கி விட்டார்கள். அதனால்தான் அந்த இடத்துக்கு ‘டாப்சிலிப்’ என்று பெயர் வந்தது. நல்ல தேக்கு முற்றுவதற்கு 50 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அப்படிப்பட்ட மரத்தை வீணாக்கலாமா?

பூச்சி தந்த பளபளப்பு!

பழைய நாற்காலிகள் பலவற்றில் அரக்கு பாலீஷ் பூசியிருப்பார்கள். அரக்கு எங்கிருந்து வருகிறது தெரியுமா? இலந்தை போன்ற மரங்களின் கிளைகளில் வாழும் குட்டியூண்டு அரக்குப் பூச்சிதான் அதைச் சுரக்கிறது! ஜார்க்கண்ட் மாநிலத்தில் இதை நிறைய வளர்க்கிறார்கள். சுத்தம் செய்த அரக்கு, அவல் போல மெல்லிய துண்டுகளாக இருக்கும். அதை ஸ்பிரிட்டில் கரைத்தால் பாலீஷ் ரெடி!

முதலில் ஒரு சோதனை

நாற்காலியைச் சுரண்டுவதற்கு முன், அதில் பூசியிருப்பது என்ன என்று கண்டுபிடியுங்கள். வெளியே தெரியாத அடிப்பக்கத்தில், ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் பெரியவர்களைத் தொடச் சொல்லுங்கள். பிசுபிசு என்று ஒட்டினால் அது அரக்கு. அதைச் சுரண்டவே வேண்டாம்! அழுக்கைத் துடைத்து, மேலே புது அரக்கு பாலீஷ் பூசினால் போதும். பழைய பூச்சோடு கலந்து ஒன்றாகிவிடும். ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும். அதனால் அடுப்பு, விளக்கு பக்கத்தில் இந்த வேலை கூடாது.

உஷார்!

பழைய பெயிண்ட் அடித்த நாற்காலியா? நீங்கள் தேய்க்கவே கூடாது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அந்தத் தூசி உடலுக்குள் போனால் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். நம் நாட்டில் 2017 நவம்பர் முதல், வீட்டு பெயிண்டில் 10 லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்பது சட்டம். அதற்கு முந்தைய பெயிண்டை நம்ப முடியாது. அந்த வேலையை, விவரம் தெரிந்த பெரியவர்களிடம் விட்டுவிடுங்கள்.

செய்வோமா?

எதுவுமே பூசாத வெறும் மரமா? மூக்கில் மாஸ்க் கட்டிக்கொண்டு, வெளித் திண்ணையில் உட்காருங்கள். முதலில் 120-ஆம் எண் உப்புத்தாள், பிறகு 220. எண் கூடக் கூட, தாள் நைசாகும். மரத்தில் ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் கீறல் விழும். தூசியைத் துடைத்தபின், பாலீஷைப் பெரியவர்கள் மெல்லிசாகப் பூசட்டும். ஒரு கை காய்ந்த பிறகுதான் அடுத்த கை!

ஒரு விஷயம்: அரக்கு பாலீஷ் மேல் சூடான டம்ளரை வைத்தால் வெள்ளை வட்டம் விழும். ஜாக்கிரதை!

உங்கள் நாற்காலி என்ன மரம் என்று தெரியவில்லையா? கோவையில் 1902-ல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகத்தில் விதவிதமான மரத்துண்டுகள் இருக்கின்றன. அடுத்த முறை டவுனுக்குப் போகும்போது பார்த்து, ஒப்பிட்டுக் கண்டுபிடியுங்களேன்!