சின்ன ஓவனில் மூன்றடுக்கு கேக்

வலீமாவுக்கு மூன்றடுக்கு கேக் கேட்டு வந்தால், சின்ன ஓவன்தானே என்று ஆர்டரை விட்டுவிடாதீர்கள், சகோதரிகளே. 25 லிட்டர் ஓவனில் 8 அங்குல டின் ஒன்று போகும். அதற்குமேல் 6, 4 அங்குலம். ஒவ்வொன்றாக வேகவைக்க வேண்டும். மாவை மட்டும் மொத்தமாகக் கலக்காதீர்கள். காத்திருக்கும் மாவில் பேக்கிங் பவுடரின் வேகம் அடங்கி, கடைசிக் கேக் எழும்பாது.

சரிவதெல்லாம் அடுக்கும்போதுதான். தடித்த ஸ்ட்ரா நான்கைந்தைக் கீழ்க் கேக்கின் உயரத்துக்கு வெட்டி உள்ளே நட்டு, மேல் கேக்கை அட்டையோடு அவற்றின்மேல் வையுங்கள். பாரத்தை ஸ்ட்ரா தாங்கும், கேக் அல்ல. நம் ரோட்டுப் பள்ளங்களை நம்பாமல், மண்டபத்துக்குப் போய் அடுக்குவது உத்தமம்.

ஜெல்லிக்கு ஜெலட்டின் எதற்கு? நோன்புக்குக் காய்ச்சும் கடல்பாசி போதும். எசன்ஸில் ஆல்கஹால் உண்டா என லேபிளைப் பாருங்கள். விற்பவர்கள் உணவுப் பாதுகாப்புப் பதிவும் எடுத்திருக்க வேண்டும்.