பாலே மலை ஓநாய்களும் ஒரு நாயின் எச்சிலும்

பொழுது விடிந்ததும் பாலே மலை ஓநாய்கள் ஒன்றையொன்று முகர்ந்து, வாயை நக்கி, குட்டிகளோடு புரண்டு விளையாடும். பிறகு கூட்டமாகப் போய்த் தங்கள் எல்லையைச் சுற்றிவரும். அதன்பின் ஒவ்வொன்றும் தனியே இரை தேடும். செம்பழுப்பு உடல், நீண்ட கால்கள், நரியைப் போன்ற கூரிய முகம். வளையிலிருந்து பருத்த எலி தலைநீட்டும்வரை காதை விறைத்துக்கொண்டு அசையாமல் நிற்கும். எத்தியோப்பியாவில் 3,000 மீட்டருக்கு மேலுள்ள குளிர்ந்த புல்வெளிகள்தான் இவற்றின் வீடு. இந்த எத்தியோப்பிய ஓநாய் இனத்தில் உலகில் மிஞ்சியிருப்பவை 500-க்கும் குறைவு. அவற்றில் பாதிக்கு மேல் பாலே மலைகளில் வாழ்கின்றன.

ஒன்றையொன்று முகர்ந்து நக்கும் இந்த ஒட்டுறவே ரேபிஸுக்கு வழிவிடுகிறது. வெறும் ஐந்து மரபணுக்கள் கொண்ட வைரஸ் அது. கடிவாயில் நுழைந்து, நரம்புக்குள் புகுந்து, உடலின் காவலர்கள் கண்ணில் அதிகம் படாமல் மூளைக்கு ஊர்கிறது. அங்கே பெருகியபின் மறுபடி நரம்பு வழியாகவே உமிழ்நீர்ச் சுரப்பிக்கு இறங்குகிறது. கடிக்கத் தூண்டும் மூளையும், கடியோடு கடத்திச் செல்லும் எச்சிலும் ஏறக்குறைய ஒரே வேளையில் அதன் வசமாகிவிடுகின்றன. இத்தனை சிறிய ஒன்றுக்கு இத்தனை துல்லியம் எப்படி வாய்த்தது என்ற வியப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லை.

ஆனால் ஓநாய்களிடம் மட்டும் அது நிலைத்திருக்க முடியாது. எண்ணிக்கை அவ்வளவு குறைவு. பற்றியவை மடிந்ததும் நோயும் அணைந்துவிடும். வைரஸை வருடம் முழுக்கச் சுமப்பவை நாய்கள். மேய்ச்சல்காரர்கள் மாடுகளோடு மலையேறும்போது, கழுதைப்புலியிடமிருந்தும் சிறுத்தையிடமிருந்தும் மந்தையைக் காக்க நாய்களையும் கூட்டிவருகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல ஏதுமில்லை. மந்தைதான் அவர்கள் பிழைப்பு.

தான்சானியாவின் செரங்கெட்டியிலும் சந்தேகத்தின் விரல் நாய்கள் பக்கமே நீண்டது. 1994-இல் அங்கே சிங்கங்கள் வலிப்பு வந்து சாய்ந்தன. மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் ஆயிரம் சிங்கங்கள் மாண்டன. காரணம் ரேபிஸ் அல்ல. தட்டம்மை வைரஸின் உறவான, நாய்களைத் தாக்கும் டிஸ்டம்பர்.

பாலே மலைக்கு 2003-இல் ரேபிஸ் வந்தது. அங்குள்ள வெப் பள்ளத்தாக்கின் ஓநாய்களில் முக்கால் பங்கு செத்துப்போயின. எல்லா ஓநாய்களுக்கும் தடுப்பூசி போட நேரமில்லை, ஆளுமில்லை. ஆனால் அங்கே நிலம் உதவியது. ஓநாய்கள் வாழும் புல்வெளிகளை இணைப்பவை குறுகலான நிலத்துண்டுகள்தான். மருத்துவக் குழு அந்த இடுக்குகளை ஒட்டிய கூட்டங்களைத் தேர்ந்தெடுத்தது. ரப்பர் பொதிந்த கால்பொறியில் ஓநாயைப் பிடிப்பார்கள். ஊசி போட்டு அங்கேயே விட்டுவிடுவார்கள். இப்படிச் சுமார் 70 ஓநாய்கள். நோய் மலை முழுவதும் பரவாமல் நின்றது.

நாய்களிடம் ரேபிஸை ஒழிக்க 70 சதவீதத்துக்காவது தடுப்பூசி வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஓநாய்களுக்கான கணக்கு வேறு. இங்கே நோக்கம் ஒவ்வொரு ஓநாயையும் காப்பாற்றுவது அல்ல. மீண்டு பெருக முடியாத அளவுக்கு இனம் சரிந்துவிடாமல் தடுப்பது. அதற்கு 20 முதல் 40 சதவீதம் வரை போட்டாலே போதும் என்று கணித மாதிரிகள் காட்டின. சில உயிர்கள் போகும் என்று தெரிந்தே எடுக்கும் முடிவு இது. மனம் ஒப்பாவிட்டாலும் சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

2018-இல், ஆட்டிறைச்சிக்குள் தடுப்பு மருந்தை வைத்து ஓநாய்களுக்கு ஊட்டும் திட்டம் பாலேயில் தொடங்கியது. பொறி வேண்டாம், பிடித்து மிரட்டவும் வேண்டாம். ஆனாலும் முதல் அரண் மலையடிவார ஊர்களின் நாய்கள்தான். அங்கே ஆண்டுதோறும் புதுக் குட்டிகள் பிறக்கின்றன. ஆகவே ஊசியும் ஆண்டுதோறும் போட்டாக வேண்டும்.