குடிவழியும் குருதிச் சான்றும்

மட்டக்களப்பு அமிர்தகழியில், மாமாங்கேஸ்வரர் தீர்த்தத்தில், ஆடியமாவாசையன்று பிதிர்க்கடன் நிறைவேற்றப் பெருந்திரளானோர் கூடுவர். முன்னோரிடமிருந்து நாம் பெறுவன குடியும் காணியும் மாத்திரமல்ல. சில நோய்களும் அவ்வாறே வந்து சேர்கின்றன. மூளையைக் கெடுக்கும் பரம்பரை அனுசேபக் குறைபாடுகள் அத்தகையன. அவற்றை இரத்தம் எவ்வாறு புலப்படுத்துகின்றது என்பதே ஈண்டு எமது விடயம்.

நொதியமொன்று குறைவுறின், அது மாற்றவேண்டிய பொருள் உடலில் தேங்கும். 1934 இல் நோர்வே மருத்துவர் ஃபோலிங், மனவளர்ச்சி குன்றிய இரு பிள்ளைகளின் தாய் விடாது கேட்டதன் பேரிற் சிறுநீரை ஆராய்ந்து, பினைல்கீற்றோனூரியாவை இனங்கண்டார். இந்நோயில் பினைலலனின் இரத்தத்தில் மிகுந்து மூளையைத் தாக்கும். 1960களில் அமெரிக்கரான றொபேட் கத்ரி, சிசுவின் குதிக்கால் இரத்தத்தை வடிதாளில் உலர்த்திச் சோதிக்கும் மலிவான முறையை நிலைநிறுத்தினார். முதல் வாரங்களிலேயே உணவைக் கட்டுப்படுத்தின் மூளை காக்கப்படும்.

இது காரணத்தைக் காட்டும் குறி. சேதத்தைக் காட்டும் குறி வேறு. நரம்புக்கலத்தின் நீண்ட நாருக்கு உட்சட்டமாக அமைவது நியூரோபிலமென்ற் என்னும் புரதம். நார் சிதையும்போது அதன் நுண்ணிய துணுக்குகள் இரத்தத்தை அடைகின்றன. மில்லிலீற்றருக்குச் சில பிக்கோகிராம் அளவையும் இன்றைய கருவிகள் அளக்கின்றன. மெற்றாக்குரோமற்றிக் லியூக்கோடிஸ்திரோபி என்னும் நோயில் இவ்வளவு உயர்கின்றது. ஆயின் முதுமையிலும் தலையில் அடிபட்ட வேளையிலும் அது உயருமாதலால், நோய் எதுவென அது சொல்லாது. சேதம் தொடர்கிறதா, சிகிச்சை பயன்தருகிறதா என்றறிவதற்கே அது பெரிதும் உதவும். இழந்த நரம்பை அது மீட்பதுமில்லை.

இனி, பழி யார்மீது என்ற வினா. மட்டக்களப்பில் குடி தாய்வழி வருவது. ஒரே குடிக்குள் மணம் விலக்கு. எனவே பெரியம்மா, சின்னம்மா மக்கள் சகோதரர். மாமன் மகளோ வேறு குடியினள், மணத்துக்குரிய மச்சாள். வீடும் காணியும் சீதனமாகப் பெண்வழி செல்லும் சமூகத்தில், உறவுக்குள் மணம் செய்வதற்குப் பொருளாதார நியாயமும் உண்டு. பரம்பரையலகோ குடியை அறியாது. விலக்கப்பட்டவளோடும் மணத்துக்குரியவளோடும் ஒருவன் பகிர்வது சராசரியாக ஒரே பங்கு: 1/8. உறவுமணங்களிற் பெரும்பாலானவை நலமான பிள்ளைகளையே தருகின்றன என்பதும் உண்மையே. இருப்பினும் பெற்றோர் இருவரிடமும் ஒரே பழுது மறைந்திருப்பின், ஒவ்வொரு மகப்பேற்றிலும் நோய் வெளிப்படும் வாய்ப்பு நான்கிலொன்று. அனுசேபக் குறைபாடுகளுட் பெரும்பாலானவை இவ்வகையினவாக இருக்க, தாயை மட்டும் குறைகூறுவதற்கு விஞ்ஞானத்தில் இடமில்லை.

பிறவித் தைரொயிட்டுக் குறைபாட்டை அறிய இலங்கையிற் சிசுவின் குதிக்கால் இரத்தம் எடுக்கப்படுகின்றது. விலையுயர்ந்த கருவிகொண்டு சேதத்தை அளப்பதற்கு முன்னர், அவ்வடிதாளில் மேலும் சில நோய்களைத் தேடுவதே அரசின் முதற்கடமை என்பது எமது கருத்து.